செசிலியா என்றால் ‘பார்வையற்றவள்’ என்றா பொருள்? இலத்தீன் வழிவந்த பெயர்களைப் பற்றி ஒரு விளக்கம்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்திருக்கும் பெண் குழந்தைக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயரான செசிலியாவைச் சூட்டுவதென்று குடும்பத்தில் முடிவாகியிருக்கிறது. பெயர்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல் ஒன்றைப் பார்த்த உறவினர் ஒருவர், அதற்கு இலத்தீனில் ‘பார்வையற்றவள்’ என்று பொருள், வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். அதே பட்டியலில் கிளாடியா ‘கால் ஊனமுற்றவள்’ என்றும் பவுல் ‘சிறியவன்’ என்றும் இருப்பதைக் கண்டு, இலத்தீன்காரர்கள் ஏன் இப்படியெல்லாம் பெயர் வைத்தார்கள், இந்தப் பொருள்கள் உண்மைதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செசிலியாவின் அடியில் ‘கைக்குஸ்’ என்ற இலத்தீன் சொல் இருப்பதும், அதற்குப் பார்வையற்றவர் என்ற பொருள் இருப்பதும் உண்மை. ஆனால் அந்தப் பொருளை எண்ணி எவரும் எந்தக் காலத்திலும் ஒரு பெண்ணுக்குச் செசிலியா என்று பெயரிட்டதில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஒரு பெயருக்குள் இருக்கும் சொல்லின் பொருள் வேறு, அந்தப் பெயரை வைத்தவர்கள் மனத்தில் கொண்டிருந்தது வேறு. பட்டியல்கள் முதலாவதை மட்டும் எடுத்து இரண்டாவதன் இடத்தில் வைத்துவிடுகின்றன. இலத்தீன் பெயர்களில் இந்தக் குழப்பம் மிகுதியாக நேர்வதற்குக் காரணம், அவை உருவான காலமும் முறையும் ஒன்றல்ல என்பதுதான்.

ரோமானியக் குடியரசுக் காலத்து ஆண் ஒருவனுக்கு வழக்கமாக மூன்று பெயர்கள் இருந்தன. மார்க்குஸ் துல்லியுஸ் கிக்கெரோ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கில வழியாக நாம் சிசரோ என்று அறிந்திருக்கும் நாவலர்தான் இவர். மார்க்குஸ் என்பது வீட்டில் அழைக்கும் முன்பெயர். துல்லியுஸ் என்பது குலப்பெயர். கிக்கெரோ என்பது அந்தக் குலத்தின் ஒரு கிளைக்கு எப்போதோ ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். இந்த மூன்றில் பெற்றோர் தேர்ந்தெடுக்கக் கூடியதாக இருந்தது முன்பெயர் ஒன்றுதான். அதிலும் தேர்வு மிகக் குறுகியது. குடியரசின் பிற்பகுதியில் பரவலாக வழங்கிய முன்பெயர்கள் சுமார் 18 மட்டுமே என்பதால், கல்வெட்டுகளில் அவற்றை ஓரிரு எழுத்துகளால் சுருக்கிக் குறித்தாலே படிப்பவர்களுக்குப் புரிந்தது. அவற்றில் மார்க்குஸ் போர்த்தெய்வமான மார்ஸின் பெயரோடு தொடர்புடையது; இன்றைய மார்க், மார்க்கோ, மாற்கு எல்லாம் அதன் வழிவந்தவை. லூக்கியுஸ் ஒளியைக் குறிக்கும் ‘லூக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. விடியற்காலையில் பிறந்தவனுக்கு அந்தப் பெயர் என்று ரோமானிய அறிஞர் வர்ரோ விளக்கம் சொன்னார். லூசியா, லூசி ஆகியவை அதன் பெண்பால் வடிவிலிருந்து வந்தவை. க்வின்துஸ், செக்ஸ்துஸ், தெக்கிமுஸ் என்பவை ஐந்தாமவன், ஆறாமவன், பத்தாமவன் என்ற எண்ணுப்பெயர்கள். ஆயினும் வரலாற்றுக் காலத்தில் மூத்த மகனுக்கே க்வின்துஸ் என்று வைத்த குடும்பங்கள் உண்டு. பெயரில் எண்தான் எஞ்சியிருந்தது, எண்ணிக்கை போய்விட்டது.

மூன்றாவதான பட்டப்பெயர்களில்தான் ரோமானியரின் இயல்பான குறும்பு வெளிப்படுகிறது. நம் ஊர்களில் ஒருவருக்கு மொட்டையன் என்றோ நெட்டையன் என்றோ பெயர் ஒட்டிக்கொண்டு, பிறகு அது பேரன் வீட்டு வாசல் வரை தொடர்ந்து வருவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. கவிஞர் ஓவிதின் முழுப்பெயரில் உள்ள ‘நாசோ’ என்பதற்குப் பெரிய மூக்கன் என்று பொருள். மற்றொரு கவிஞரான ஹொராஸின் பெயரில் உள்ள ‘ஃப்ளக்குஸ்’ தொங்கிய காதுகளைக் குறிக்கும். ‘கல்வுஸ்’ வழுக்கைத் தலையன், ‘ஸ்திராபோ’ மாறுகண்ணன், ‘பல்புஸ்’ திக்குவாயன், ‘க்ரஸ்ஸுஸ்’ தடியன், ‘ரூஃபுஸ்’ செம்பட்டை முடியன். சீசரைக் குத்தியவர்களுள் ஒருவரான ப்ரூட்டுஸின் பெயருக்கு மந்தபுத்திக்காரன் என்று பொருள். கிக்கெரோ என்பது ‘கிக்கேர்’ என்ற சொல்லிலிருந்து, அதாவது கொண்டைக்கடலையிலிருந்து வந்தது. அவருடைய மூதாதை ஒருவரின் மூக்கு நுனியில் கொண்டைக்கடலைப் பிளவு போன்ற ஒரு குழிவு இருந்ததாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். கடலை நன்றாகப் பயிரிட்டதால் வந்த பெயர் என்பது மூத்த பிளினியின் கருத்து. அரசியலில் நுழையும்போது இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளுமாறு நண்பர்கள் சொன்னதாகவும், மாற்றுவதற்குப் பதிலாக அதைப் புகழ்பெற்ற பெயராக ஆக்கிக் காட்டுவதாக அவர் மறுமொழி சொன்னதாகவும், சிசிலியில் பதவி வகித்தபோது கோயிலுக்கு அளித்த வெள்ளிப் பாத்திரத்தில் முதலிரு பெயர்களை எழுத்தில் பொறித்து மூன்றாவதன் இடத்தில் ஒரு கடலையின் உருவத்தைப் பொறிக்கச் செய்ததாகவும் புளூட்டார்க் கூறுவது, ரோமானியர் இப்பெயர்களைக் கூச்சமின்றி ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு நல்ல சான்று.

பட்டப்பெயர் ஒரு மனிதனை வருணித்தது. குலப்பெயர் அப்படி எவரையும் வருணிக்கவில்லை. உங்கள் கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ரோமிலிருந்து தெற்கே செல்லும் புகழ்பெற்ற அப்பியன் நெடுஞ்சாலையைக் கி.மு. 312இல் தொடங்கிவைத்த அப்பியுஸ் க்ளாவ்தியுஸ் என்பவர் முதுமையில் கண்ணிழந்தார்; அதனால் ‘கைக்குஸ்’ என்ற பட்டம் அவருக்கு வந்தது. அது உண்மையாகவே ஒருவரின் பார்வையைக் குறித்த பெயர். செசிலியாவுக்கு மூலமான கைக்கிலியுஸ் என்ற குலப்பெயரோ, ‘-யுஸ்’ என்ற விகுதியைக் கொண்டு, இன்னாரின் வழியினர் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. அந்த இன்னார் யார் என்பது வரலாற்றுக்கு எட்டாத காலத்துச் செய்தி. ப்ரைநெஸ்தே என்ற நகரை நிறுவியவனாகச் சொல்லப்படும் கைக்குலுஸ் என்ற தொன்ம வீரனைத் தங்கள் முன்னோனாக அக்குலத்தார் கொண்டாடினார்கள். அவன் நெருப்பருகே கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றும், புகை பட்டுக் கண்கள் இடுங்கியிருந்ததால் அப்பெயர் பெற்றான் என்றும் ஒரு கதை உண்டு. பல தளபதிகளையும் ஆட்சித் தலைவர்களையும் தந்த அந்தக் குலத்தில் பிறந்த பெண்கள் கைக்கிலியா ஆனார்கள். அவர்கள் காதில் அந்தப் பெயர் குலப்பெருமையாக ஒலித்ததே அன்றி ஊனமாக ஒலிக்கவில்லை.

கிளாடியாவின் நிலை இன்னும் தெளிவானது. க்ளாவ்தியர் குலம் ரோமானியக் குலமே அன்று, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அத்துஸ் க்ளவ்ஸுஸ் என்ற சபைன் இனத் தலைவர் தம் சுற்றத்தோடு ரோமுக்குக் குடிபெயர்ந்து, தம் பெயரை இலத்தீன் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டார் என்பது ரோமானியரே சொல்லிவந்த மரபு. ஆக அது வேற்றுமொழிப் பெயர். ‘க்ளவ்துஸ்’ என்றால் கால் ஊனமுற்றவன் என்ற இலத்தீன் சொல்லோடு அது ஒலியால் ஒத்துப்போனது. பிற்காலத்தில் அக்குலத்துப் பேரரசர் க்ளாவ்தியுஸ் உண்மையிலேயே காலை இழுத்து நடந்தவர் என்பது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயல்தான் பட்டியல்களில் இன்றுவரை நிலைத்து நிற்கிறது.

பெண்களின் பெயர்களில் தேர்வு என்பதே அநேகமாக இல்லை. யூலியுஸ் குலத்தில் பிறந்தவள் யூலியா, கொர்னேலியுஸ் குலத்தில் பிறந்தவள் கொர்னேலியா, துல்லியுஸின் மகள் துல்லியா, அவ்வளவுதான். இரண்டு மகள்கள் இருந்தால் மூத்தவள், இளையவள் என்று பின்னால் ஒரு சொல் சேரும். மார்க் ஆண்டனிக்கு ஒக்தாவியாவிடம் பிறந்த இரண்டு மகள்களும் அந்தோனியாக்களே. வரலாற்று நூல்கள் அவர்களைப் பெரிய அந்தோனியா, சின்ன அந்தோனியா என்றுதான் பிரிக்கின்றன. ஜூலியஸ் சீசரின் அத்தை, சகோதரியர், மகள் எல்லோருக்கும் யூலியா என்பதே பெயர். இன்று உலகெங்கும் வழங்கும் ஜூலியா, கிளாடியா, கொர்னேலியா, எமிலியா, செசிலியா, வலேரியா, அந்தோனியா ஆகிய பெண்பெயர்கள் எல்லாம் இப்படித் தந்தையின் குலப்பெயருக்குப் பெண்பால் விகுதி சேர்த்தவையே. எனவே ஜூலியாவுக்கு ‘இளமையானவள்’ என்று எழுதுவதும் செசிலியாவுக்குப் ‘பார்வையற்றவள்’ என்று எழுதுவதும் ஒரே வகைத் தவறு. ஒன்று இனிக்கிறது, மற்றது கசக்கிறது, அவ்வளவே. சீசரின் குடும்பம் தன் பெயரை இயூலுஸ் என்ற ட்ரோய் வழி இளவரசனோடு இணைத்து, அவன் மூலம் வீனஸ் தெய்வத்தின் வழித்தோன்றல்கள் என்று உரிமை கொண்டாடியதே அன்றி, இளமையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

ஒரு குலத்தின் பெயர் இவ்வளவு மனிதர்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கலாம். விடுதலை பெற்ற அடிமை, தன்னை விடுவித்தவரின் முன்பெயரையும் குலப்பெயரையும் தன்னுடையவையாக ஏற்றுக்கொள்வது ரோமானிய வழக்கம். கிக்கெரோவின் செயலாளரான தீரோ விடுதலைக்குப் பின் மார்க்குஸ் துல்லியுஸ் தீரோ ஆனார். சுல்லா என்ற சர்வாதிகாரி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளை ஒருசேர விடுவித்து அத்தனை பேரையும் கொர்னேலியுஸ் ஆக்கினார். கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா தம் ஆட்சிக்கு உட்பட்ட சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கியபோது, அவருடைய குலப்பெயரான அவ்ரேலியுஸ் எகிப்திலும் சிரியாவிலும் இலட்சக்கணக்கானோரின் பெயராயிற்று. எல்லோருக்கும் ஒரே குலப்பெயர் என்றானபின் அது எவரையும் அடையாளம் காட்டாது. மூன்று பெயர் முறை தளர்ந்து, மனிதர்கள் ஒற்றைப் பெயரால் அறியப்படலானார்கள்.

அந்த ஒற்றைப் பெயர்தான் பொருள் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்ட பெயர். இதற்கு முன்பும் அடிமைகளுக்கு ஃபெலிக்ஸ், ஃபொர்துனாதுஸ் போன்ற நற்பேற்றுப் பெயர்கள் வைக்கப்பட்டதுண்டு. ‘ஃபெலிக்ஸ்’ என்பது முதலில் கனி தரும் மரத்துக்கான சொல். பிறகு பேறு பெற்றவன் என்ற பொருளுக்கு விரிந்தது. கி.பி. 203இல் கார்த்தேஜ் நகரில் கொல்லப்பட்ட இரு மறைசாட்சிகளில் உயர்குலத்தவள் பெர்பேத்துவா, அதாவது நிலைத்திருப்பவள். அடிமைப்பெண் ஃபெலிக்கிதாஸ், அதாவது நற்பேறு. கிறித்தவம் பரவிய நூற்றாண்டுகளில் இவ்வகைப் பெயர்கள் பெருகின. பெனெதிக்துஸ் ஆசி பெற்றவன். ரெனாதுஸ் மறுபடி பிறந்தவன். திருமுழுக்கைக் குறித்த இந்தப் பெயரே பிரெஞ்சில் ரெனே ஆயிற்று. தெசிதேரியுஸ் ஏங்கிப் பெற்ற பிள்ளை. தவமிருந்து பெற்றதாகச் சொல்லும் நம் வீடுகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. வின்கென்தியுஸ் வெல்பவன், அதுவே வின்சென்ட். கொன்ஸ்தான்தியுஸ் உறுதியுடையவன். க்ளெமென்ஸ் இரக்கமுள்ளவன். நதாலியா, கிறிஸ்து பிறந்த நாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவள். புனித அகுஸ்தினார் தம் மகனுக்கு அதேயோதாதுஸ், ‘கடவுளால் கொடுக்கப்பட்டவன்’ என்று பெயரிட்டார். வட ஆப்பிரிக்காவில் அதற்கு முன்பே ‘பாகால் என்ற தெய்வம் கொடுத்தான்’ என்ற பொருளில் வழங்கிய, கார்த்தேஜ் மக்களின் பியூனிக் மொழிப் பெயர்களின் மரபு, இலத்தீன் சட்டை அணிந்து தொடர்ந்ததே இது என்று கருத இடமுண்டு.

இந்தப் பெயர்களுக்கு இடையே ஸ்தெர்கோரியுஸ் என்றொரு பெயரும் கல்வெட்டுகளில் வருகிறது. ‘ஸ்தெர்குஸ்’ என்றால் சாணம், எரு. கிறித்தவத் தாழ்மையைக் காட்ட வைத்த பெயர் என்று சிலரும், குப்பைமேட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளையின் பெயர் என்று சிலரும் சொல்வார்கள். முதலிரு குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிட்ட நம் வழக்கம் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறது. ரோமானியரிடமும் அதே எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குப்பன் என்ற பெயருக்கு ‘அழுக்கு’ என்று மட்டும் ஒரு பட்டியல் பொருள் எழுதினால் அந்தத் தாயின் அச்சமும் ஆசையும் எப்படிக் காணாமற்போகுமோ, அப்படித்தான் பல இலத்தீன் பெயர்களின் கதையும் காணாமற்போயிருக்கிறது.

அடுத்த கட்டத்தில் பொருள் மீண்டும் பின்னுக்குப் போய், பெயரைத் தாங்கிய புனிதர் முன்னுக்கு வந்தார். இடைக்கால ஐரோப்பாவில் மார்ட்டின் என்று பெயரிட்டவர்கள் மார்ஸ் என்ற போர்த்தெய்வத்தை எண்ணவில்லை. தம் மேலங்கியைக் கிழித்துப் பாதியைப் பிச்சைக்காரருக்குக் கொடுத்த தூர் நகரத்து ஆயரை எண்ணினார்கள். 1483 நவம்பர் 11, அவருடைய திருநாள். முதல்நாள் பிறந்த ஒரு ஜெர்மானியக் குழந்தைக்கு அன்று திருமுழுக்கு நடந்ததால் மார்ட்டின் என்ற பெயர் கிடைத்தது. அவர்தான் மார்ட்டின் லூதர். 1934இல் ஜெர்மனிக்குச் சென்று திரும்பிய ஓர் அமெரிக்கக் கறுப்பினப் போதகர், மைக்கேல் என்ற தம் பெயரையும் தம் மகனின் பெயரையும் மார்ட்டின் லூதர் என்று மாற்றினார். அந்த மகன் அறவழிப் போராட்டத்தின் தலைவரானார். போர்த்தெய்வத்தின் பெயர் நான்கு கை மாறி அகிம்சைக்காரரை வந்தடைந்திருக்கிறது. பெயரின் பொருள் ‘போர்க்குணம் கொண்டவன்’ என்று பட்டியல் சொல்லத்தான் செய்கிறது.

பவுலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ‘பவ்லுஸ்’ என்றால் சிறியவன் என்பது சரி. எமிலியர் குலத்தின் ஒரு கிளைக்கும் அது பட்டப்பெயராக இருந்தது. சவுல் மனம் மாறியதும் பவுல் ஆனார் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். திருத்தூதர் பணிகள் நூலில் அப்படி இல்லை. மனமாற்றத்துக்குப் பிறகும் வெகுகாலம் அவர் சவுல் என்றே அழைக்கப்படுகிறார். சைப்பிரஸ் தீவில் செர்ஜியுஸ் பவ்லுஸ் என்ற ஆளுநரைச் சந்திக்கும் இடத்தில்தான், ‘பவுல் என்னும் சவுல்’ என்ற குறிப்பு முதன்முதலாக வருகிறது. பிறப்பிலேயே ரோமானியக் குடியுரிமை பெற்றிருந்த அவருக்கு எபிரேயப் பெயரோடு இலத்தீன் பெயரும் இருந்திருக்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

இலத்தீன் என்று சொல்லப்படும் பெயர்கள் எல்லாம் இலத்தீனும் அல்ல. ஆக்னஸ் கிரேக்கப் பெயர், தூயவள் என்று பொருள். ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ‘அக்னுஸ்’ என்ற இலத்தீன் சொல்லோடு ஒலி ஒத்ததால் ஓவியர்கள் அப்பெயர் கொண்ட புனிதரின் கையில் ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டார்கள். வெரோணிக்கா என்பது பெரெனிக்கே என்ற மாசிதோனியக் கிரேக்கப் பெயரின் மாற்று வடிவம். கிறிஸ்துவின் முகம் பதிந்த துணியின் கதையோடு சேர்ந்து ‘உண்மையான உருவம்’ என்ற இலத்தீன்-கிரேக்கக் கலவைப் பொருள் பின்னால் கட்டப்பட்டது. மோனிக்காவை ‘அறிவுரை கூறுபவள்’ என்று இலத்தீனோடு இணைப்பார்கள். அகுஸ்தினாரின் தாயான அவருடைய பெயர் வட ஆப்பிரிக்க பெர்பர் மக்களுக்கு உரியதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பியாட்ரிஸ் முதலில் ‘வியாத்ரிக்ஸ்’, வழிப்பயணி. பேறு பெற்றவர் என்று பொருள்படும் ‘பெயாதுஸ்’ என்ற சொல் அதன் முதலெழுத்தை மாற்றியது. ஸ்டெல்லாவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. மரியா என்ற எபிரேயப் பெயருக்குக் ‘கடலின் துளி’ என்று பொருள்பட ‘ஸ்தில்லா மாரிஸ்’ என்று புனித ஜெரோம் எழுதினார் என்றும், படியெடுத்தவர் கையில் ஓர் உயிரெழுத்து மாறி அது ‘ஸ்தெல்லா மாரிஸ்’, கடலின் விண்மீன், ஆயிற்று என்றும் அறிஞர் கூறுவர். ஒரு துளி விண்மீனாகி, அதிலிருந்து எத்தனையோ ஸ்டெல்லாக்கள் பிறந்துவிட்டார்கள்.

சொல்லின் நல்ல பொருள் ஒரு பெயரைக் காப்பாற்றிவிடும் என்பதும் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் சார்தீனியத் தீவின் கல்யாரி நகரத்தில் லூசிஃபர் என்றொரு ஆயர் இருந்தார். ஒளியைக் கொணர்பவன், விடிவெள்ளி என்று பொருள்; அக்காலத்தில் அழகான பெயர். அதே சொல் சாத்தானின் பெயராக நிலைத்த பிறகு அதை வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை.

இலத்தீன் பெயர்கள் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்த வழி போர்த்துக்கீசியம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களும் கூடவே வந்தன. இக்னேசியஸ் என்ற ஆங்கில வடிவத்திலிருந்து இன்னாசி என்ற பெயர் வந்திருக்க முடியாது. போர்த்துக்கீசிய இனாசியோவிலிருந்துதான் இஞ்ஞாசியும் இன்னாசிமுத்துவும் வர முடியும். (அந்தப் பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு: லொயோலா இஞ்ஞாசியாரின் திருமுழுக்குப் பெயர் இனிகோ என்ற பாஸ்க் பெயர், இக்னாதியுஸ் என்பதைப் பின்னாளில் அவரே வரித்துக்கொண்டார். நெருப்பு என்று பொருள்படும் ‘இக்னிஸ்’ அதில் பிற்காலத்தில் ஏற்றிய நிறம்.) சந்தியாகு என்ற பெயரின் முதற்பகுதி ‘தூய’ என்ற பொருளுள்ள இலத்தீன் ‘சாங்க்துஸ்’, பிற்பகுதி எபிரேய யாக்கோபு. குடும்பப் பெயர்களில் சில்வா என்பது காடு, பெரேரா என்பது பேரிக்காய் மரம், லோபோ என்பது ஓநாய், குரூஸ் என்பது சிலுவை. நான்கும் இலத்தீன் வேர்களே. தூத்துக்குடிக் கடற்கரையிலும் இலங்கையிலும் இவற்றைத் தாங்கியிருப்பவர்கள் காட்டையோ ஓநாயையோ நினைப்பதில்லை.

ஆனால் ஒலிபெயர்ப்போடு நம்மவர்கள் நிற்கவில்லை. பொருளை உடைத்துப் பார்த்து மொழிபெயர்க்கவும் செய்தார்கள். சிறியவன் என்ற பவ்லுஸ் தமிழ்க் கத்தோலிக்கரிடம் சின்னப்பர் ஆனார். பெனெதிக்து ஆசீர்வாதப்பர் ஆனார். ஆசீர்வாதம் என்ற ஆண்பெயர் அதிலிருந்து கிளைத்தது. ‘தொமினுஸ்’ ஆண்டவர் என்பதால் தோமினிக் சாமிநாதர் ஆனார். 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த பெஸ்கியின் இயற்பெயர் கொன்ஸ்தான்சோ, உறுதியுடையவன் என்ற பழைய கொன்ஸ்தான்தியுஸ். அதைத்தான் அவர் முதலில் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார், பிறகு வீரமாமுனிவர் ஆனார். கறைபடாத கருத்தரிப்பு என்ற இலத்தீன் தொடர், கறை என்ற சொல்லுக்கு மலம், இல்லை என்பதற்கு அகரம், தோற்றத்துக்கு உற்பவம் என்று உறுப்புக்கு உறுப்பு மாற்றப்பட்டு அமலோற்பவம் என்ற பெண்பெயர் ஆயிற்று. வியாகுலம் என்ற பெயர் துயரத்தைக் குறிக்கும் இலத்தீன் ‘தொலோர்’ என்பதன் தமிழ்ப் பிரதி. ஸ்பெயினில் அதுவே தொலோரெஸ். பெண் குழந்தைக்குத் துயரம் என்று பெயர் வைப்பார்களா என்று பட்டியல்காரர் கேட்கக்கூடும். வியாகுல மாதாவின் பெயரைச் சூட்டிய தாய்மாருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. சின்னப்பன் என்ற பெயர் கொண்டவர்கள் எல்லாம் பவுலின் பெயர்வழி வந்தவர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் கூடாது. அது தமிழுக்கே உரிய பெயராகவும் வெகுகாலமாக இருந்து வருகிறது.

இனி, உங்கள் வீட்டுச் செசிலியா. இந்தப் பெயர் ரோமானியக் குலத்தின் எல்லைக்கு வெளியே உலகெங்கும் பரவியதற்குக் காரணம் ஒரே ஒருவர்: ரோம் நகரில் மறைசாட்சியாக இறந்ததாகப் போற்றப்படும் புனித செசிலியா. திருமணத்தில் இசைக்கருவிகள் முழங்கியபோது அவர் உள்ளத்தில் இறைவனை மட்டும் பாடினார் என்ற ஒரு வரியால் இசைக்குப் பாதுகாவலரானார். நவம்பர் 22 அவருடைய திருநாள். பொருளைப் பற்றிய உங்கள் உறவினரின் சங்கடம் புதியதும் அன்று. 13ஆம் நூற்றாண்டில் புனிதர் வரலாறுகளைத் தொகுத்த யாக்கோபு தெ வொராஜினே இதே பெயரின் முன் நின்று தயங்கியிருக்கிறார். வானகத்தின் லீலி மலர் என்றும், பார்வையற்றோருக்கு வழி என்றும், பார்வையின்மை இல்லாதவள் என்றும் வரிசையாக விளக்கங்களை அடுக்கிச் சமாளித்திருக்கிறார். மொழிநூல் நோக்கில் அவற்றுள் ஒன்றுகூடத் தேறாது. என் கருத்தைக் கேட்டால், உங்கள் குழந்தைக்கு அந்தப் பெயரின் பொருள் கொள்ளுப்பாட்டிதான். அவரை நினைத்து வைக்கிறீர்கள், அதுவே பொருள். கைக்கிலியர் குலத்துப் பெண்களுக்கும் அது அப்படித்தான் இருந்தது.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். சிசிலியா என்று எழுதினால் சிசிலித் தீவு நினைவுக்கு வரும். அத்தீவுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. ஆகவே செசிலியா என்றே எழுதுங்கள். உறவினர் அதன் பிறகும் சமாதானமாகவில்லை என்றால் அவரிடம் சொல்ல இன்னொரு செய்தி இருக்கிறது. நார்மானியரோடு அயர்லாந்துக்குப் போன இதே செசிலியா ஐரிஷ் மொழியில் ஷீலே என்று தேய்ந்து, ஆங்கிலத்தில் ஷீலா ஆயிற்று. சீலம் என்ற சொல்லிலிருந்து வந்த நம் ஷீலாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை என்றாலும், அவர் காதுக்கு அது நல்ல பெயராகவே கேட்கும்.